கேலிமுறைக்காரியின் கம்பங்காடு

— “அந்தத் தொண்ணூத்தொம்பது ஆட்டையும் யாரு கட்டிப்போட்டாங்க?”ன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சாமே, போன மழைக்காலத்துல, உங்க கோயில்ல. அதுக்கு நீ என்ன பதில் சொன்னே, உபதேசியாரே?

— அயிம்போக்கா, நான் வந்த காரியம் வேற.

— காரியம் இருக்கட்டும். உங்க வேதக்கதையில, நூறுல காணாமப்போன ஒத்தை ஆட்டைத் தேடிக்கிட்டு மேய்ப்பர் போயிட்டாரு. சரி. அப்போ மழைக்காலமா இருந்திருந்தா? ஊரெல்லாம் விதைச்சிருந்தா? மிச்சம் தொண்ணூத்தொம்பதும் எவன் காட்டுல நின்னுச்சு? எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. என்ன சொன்னே?

— “உட்காரு”ன்னு சொன்னேன்.

— உட்கார்ந்துச்சா?

— உட்கார்ந்துச்சு.

— அதான் இன்னிக்கு என் கம்பங்காடும் உட்கார்ந்திருக்கு. எட்டிப் பாரு. நேத்து மத்தியானம் வரைக்கும் விரல் நீளம் எழுந்து நின்னுச்சு.

— சேசுவே! ஒரு பயிர்கூட மிச்சம் விடலையா?

— ஏன் விடல? அந்தக் கரையான் புத்துக்கிட்ட ரெண்டு நிக்குது பாரு. உன் கிடாய்க்கு மரியாதை தெரியும். வீட்டுக்காரிக்குன்னு எடுத்து வெச்சிருக்கு.

— சிரிக்காதே. ஈரமண்ணு, வேரோட பிடுங்கியிருக்கு. மறுபடி துளிர்க்கவும் செய்யாது. இந்தா, இந்தக் கினிக்கோழியை வாங்கிக்கோ.

— இது எதுக்கு?

— மன்னிப்புக்கு.

— அப்ப தொடமாட்டேன். எடுத்துக்கிட்டுப் போ.

— முறைப்படிதானே கொண்டு வந்தேன்? ஆடு மேஞ்சா ஆட்டுக்காரன் கோழியோட வரணும். அழிஞ்ச பயிருக்கு ஈடு கொடுக்கணும்.

— அது மத்தவங்களுக்கு. நீ யாரு?

— உபதேசி அனக்லேத்து.

— அது உன் பேரு. நீ யாருன்னு கேட்டேன். நீ தகாபா. நான் ஃப்ராஃப்ரா. உங்க பாட்டனும் எங்க பாட்டனும் ஒரு நாய்த்தலைக்காக அடிச்சுக்கிட்ட நாள்லேர்ந்து நாம ரெண்டு சாதியும் கேலிமுறை. நீ என் அடிமை. நான் உன் அடிமை. அடிமையோட ஆடு யாருது?

— எசமானுது.

— நான் எசமானி. அப்போ என் ஆடு என் காட்டுல மேஞ்சிருக்கு. இதுல நீ யாருடா நடுவுல கோழியைத் தூக்கிக்கிட்டு வர்றதுக்கு?

— நாய்த்தலையைத் தின்னது உங்க பாட்டன்தான்.

— ஆங்! இப்பதான் மனுசன் மாதிரி பேசறே. தின்னது உங்க பாட்டன். எங்க பாட்டனுக்கு வாலுதான் கிடைச்சுது.

— அயிம்போக்கா, கொஞ்ச நேரம் விளையாட்டை விடு.

— விட்டா என்ன ஆகும் தெரியுமா? உங்க சித்தப்பன் சாவுல நான் பாடையில ஏறிப் படுத்துக்கிட்டு, “என்னையும் சேர்த்துப் புதைங்கடா”ன்னு அடம் பிடிச்சேனே, அப்ப நீ கோவிச்சுக்கிட்டியா?

— எப்படிக் கோவிக்கிறது? ஒரு குடம் சோளக்கள்ளு கொடுத்துத்தான் உன்னை எழுப்பினோம். அழுதுக்கிட்டிருந்த என் சித்தியே சிரிச்சுட்டாங்க.

— அதே மாதிரிதான். கேலிமுறைக்காரங்களுக்குள்ள கோவமும் கிடையாது, ஈடும் கிடையாது. நீ மெய்யா மன்னிப்புக் கேட்டு நான் மெய்யா வாங்கிக்கிட்டா முறை உடைஞ்சு போயிடும். அப்புறம் உன்னை எப்படி நான் நாய்த்தலைன்னு கூப்பிடறது? அது சரி, எப்படிப்பா விட்டே? நாலு நாளைக்கு முன்னாடிதானே தலைவரோட ஆளு தக்கூரா, ஆட்டையெல்லாம் கட்டிப்போடணும்னு முரசு அடிச்சுச் சொன்னான்?

— கட்டத்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். ஒவ்வொண்ணுக்கும் முளை அடிச்சு, கயிறு தயாரா வெச்சிருந்தேன். எண்ணினேன். பன்னெண்டு இருக்கணும். பதினொண்ணு இருந்துச்சு. கைம்பெண் யூசேபியாவோட செம்மறியைக் காணோம். நிறை சினை வேற. அந்த அம்மாவுக்கு உலகத்துல இருக்கிறது அது ஒண்ணுதான்.

— உடனே பதினொண்ணையும் போட்டுட்டு ஓடிட்டே.

— மெதுவா, மெதுவா. நான் ஓடினது தப்பா?

— தப்புன்னு நான் சொல்லலையே. கிடைச்சுதா?

— ஆத்தங்கரையில. வேலிக்குள்ள நுழையாம இருக்கக் கழுத்துல மாட்டின முக்கோணக் கட்டை புதர்ல சிக்கி, மூச்சு முட்டிக் கிடந்துச்சு. தோள்ல தூக்கிக்கிட்டு வந்தேன், கோயில் படத்துல இருக்கிற மாதிரி. அங்கிருந்து இங்க வரைக்கும் என் முதுகு பூரா மூத்திரம்.

— படத்துல அது இல்லையே!

— படத்துல இருக்கிற ஆடு சும்மாத்தான் இருக்கு.

— ஹே ஹே ஹே! ஐயோ, வயிறு வலிக்குது. நீ இந்த ஞாயித்துக்கிழமை இதையே பிரசங்கத்துல சொல்லு. நானும் கோயிலுக்கு வர்றேன்.

— எனக்குச் சிரிப்பு வரல. நேத்துலேர்ந்து ஒண்ணையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். உன் காட்டுக்கு எதிர்ல, பாதைக்கு அந்தப் பக்கம், தக்கூரா காடு. இந்த வருசச் சட்டம் தெரியும்ல? அவுந்த ஆடு பாதையில நின்னாலே பிடிச்சுக்கலாம். காட்டுல நின்னா பாதி காட்டுக்காரனுக்கு, பாதி தலைவர் வீட்டுக்கு.

— முரசு அடிக்கிறவன் காட்டுலயே மேஞ்சிருந்தா கேட்கவே வேணாம்.

— அந்தப் பதினொண்ணுல என்னுது நாலுதான். ஆறு, ஊர்க்காரங்க குட்டியில பாதிக்குன்னு என்கிட்ட வாரத்துக்கு வளர்க்க விட்டது. ஒண்ணு கோயிலுது, பிள்ளைங்களோட முதல் நன்மை விருந்துக்கு வளர்க்கிறது. எல்லாம் போயிருந்தா நான் யார் முகத்துல முழிப்பேன்? ஆண்டவர் எப்படியோ உன் பக்கமா திருப்பி விட்டாரு.

— ஆண்டவரா! என் காட்டை அழிச்சதுக்கு உங்க ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லணுமா? நல்லா இருக்குடா உங்க வேதம்.

— அப்படிச் சொல்ல வரல...

— தக்கூரா வந்தான், தெரியுமா? ரெண்டு ஆளோட. வேலிக்கு மேல தலையை நீட்டினான். “யாருது இந்த ஆடு?”ன்னான். “என் அடிமையோடது. களை எடுக்க அனுப்பியிருக்கான்”னேன்.

— ஐயோ.

— “களையோட பயிரும் போகுதே”ன்னான். “தகாபா ஆட்டுக்கு வித்தியாசம் தெரியுமா? வளர்த்தவனுக்கே தெரியாது”ன்னேன். “புகார் சொல்றியா, இல்லையா?”ன்னான். “கேலிமுறைக்காரன் மேல என்னத்தைப் புகார்?”னேன். முரசுக்கோலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிட்டான். பாவம், வாயில வந்த கறி நழுவிப்போச்சு.

— அயிம்போக்கா, ஒண்ணு கேட்கறேன். நீ ஏன் இன்னிக்கு இவ்வளவு சத்தமா சிரிக்கிறே?

— என் வாய், என் சிரிப்பு.

— விதை மிச்சம் இருக்கா உன்கிட்ட?

— இருக்கு, இருக்கு. வீடு பூரா விதைதான். நடக்க இடமில்ல. போ, வேலையைப் பாரு. ஆட்டைச் சாயங்காலம் அனுப்பறேன். அதுவரைக்கும் நேத்து ராத்திரி மாதிரியே என் பட்டியில நிக்கட்டும். என் அடிமையோட ஆடுன்னு ஊர் பார்க்கணும்ல? அந்தக் கோழியை எடுத்துக்கிட்டுப் போ, என்னையே பார்க்குது அது.

*

— கோழியைத் திருப்பிக் கொண்டு வந்துட்டீங்களா?

— வாங்கமாட்டேன்னுட்டா, பெலிசித்தா.

— வாங்கமாட்டான்னு நான் சொன்னேனா இல்லையா?

— சொன்னே.

— நான் சொல்றதைக் கேட்டுட்டு, அப்புறம் உங்க இஷ்டத்துக்குத்தானே செய்வீங்க. உட்காருங்க. சோளக்களி ஆறுது.

— விதை இருக்கான்னு அவகிட்ட கேட்டேன். வீடு பூரா விதைன்னா.

— வீடு பூராவா? காலையில கிணத்தடியில அவ மக லமிசியைப் பார்த்தேன். விதைச் சுரைக்குடுவையைக் கவுத்துப்போட்டுத் தட்டிக்கிட்டிருந்துச்சு. தட்டித் தட்டி எட்டு விதைமணி விழுந்துச்சு. அதை உள்ளங்கையில வெச்சு மூணு தடவை எண்ணிச்சு.

— எட்டா?

— “அம்மாகிட்ட சொல்லாதீங்க, நான் சொன்னேன்னு தெரிஞ்சா தோலை உரிச்சுடும்”னுச்சு. நான் சொல்லலை. உங்ககிட்டதானே சொல்றேன்.

— சேசு மரியே. இந்த முன்பட்டக் கம்பு வந்தாத்தான் அவளுக்கு அடுப்பு எரியும். சோளம் அறுக்க இன்னும் அஞ்சு மாசம் இருக்கு.

— கூடை பின்னி விப்பா. மழைக்காலத்துல எவன் கூடை வாங்க வர்றான்? இந்த வாரத்துக்குள்ள மறுபடி விதைச்சா உண்டு. மேற்கே பாருங்க, மேகம் கட்டுது.

— நம்ம அடுப்புக்கு மேல கதிர்க்கட்டு தொங்குதே. கொண்டுபோய்க் கொடுத்துடலாம்.

— கோழியையே வாங்காதவ கதிர்க்கட்டை வாங்குவாளா? நான் ஏற்கெனவே ஒண்ணு செஞ்சு பார்த்துட்டேன்.

— என்ன செஞ்சே?

— ஒரு கூடை நிறைய விதையை அவ வேலியோரம் வெச்சுட்டு, வேப்பமரத்துக்குப் பின்னாடி நின்னேன். திருடட்டும்னு. கேலிமுறையில திருடலாம்ல? போன வருசம் நம்ம உலக்கையையே தூக்கிக்கிட்டுப் போனவதானே. ஒரு மாசம் கல்லால குத்தினேன்.

— திருடினாளா?

— திரும்பிப் பார்க்காம போனா. திரும்பி வந்தா. கூடையைத் தூக்கி நேரா மரத்துக்குப் பின்னாடியே கொண்டுவந்து என் கையில கொடுத்துட்டா. “உன் கூடைக்குக் கால் முளைச்சிருக்கு, கட்டிப்போடு, தக்கூரா பிடிச்சுக்கிட்டுப் போயிடுவான்”னா.

— ஹூம்.

— உலக்கையைத் திருடினப்ப அவ வீட்டுல ரெண்டு உலக்கை இருந்துச்சு. அதனால அது விளையாட்டு. இன்னிக்கு அவ வீட்டுல ஒண்ணுமில்ல. இன்னிக்கு எடுத்தா விளையாட்டில்லன்னு அவளுக்குத் தெரியுது. பொல்லாதவ.

— ராத்திரி போய் நானே விதைச்சுட்டு வந்துடட்டுமா?

— நல்ல யோசனை. திருடன்னு நினைச்சுக் களைக்கொத்தாலேயே மண்டையில போடுவா. ஞாயித்துக்கிழமை செபம் சொல்ல ஆள் இருக்காது.

— அப்போ என்னதான் வழி? நான் செபத்துல முட்டிபோட்டுக் கேட்டுட்டேன். ஒண்ணும் தோணல.

— அவர் எனக்குச் சொல்லியிருப்பாரு. நீங்க முட்டிபோட்டு முடிக்கிறதுக்குள்ள நான் பாத்திரம் கழுவி முடிச்சேன். ஒண்ணு கேட்கறேன். பதினொரு ஆடு, எவ்வளவு நேரம் அந்தக் காட்டுல மேஞ்சிருக்கும்?

— அயிம்போக்கா பிடிச்சுப் பட்டியில அடைக்கிற வரைக்கும்... ரெண்டு மணி நேரம் இருக்கும்.

— மேஞ்ச ஆடு சும்மாவா இருந்திருக்கும்?

— சும்மான்னா?

— ஏங்க, உங்க சட்டையை நனைச்சது எது?

— ஓ. ஆமா. காடு பூரா புழுக்கைதான். கால் வைக்க முடியல.

— அது யார் புழுக்கை?

— ஆட்டுப் புழுக்கை.

— ஆட்டுக்காரன் புழுக்கை! இந்த ஊர்ல வாரத்துக்கு விட்டாலும் குட்டியில பாதிதான் ஆட்டுக்குச் சொந்தக்காரனுக்கு. எரு முழுசும் வளர்க்கிறவனுக்கு. அது ஊரறிஞ்ச முறை. அப்போ அவ காட்டுல கிடக்கிறது உங்க சொத்து.

— அதை அள்ளிக்கிட்டு வரணுமா?

— ஆண்டவரே, இவரை எனக்கு எந்தக் கணக்குல கொடுத்தீங்க? அள்ளக்கூடாது. மண்ணோட மிதிபட்டுப்போச்சு, அள்ள முடியாது. சொத்து அங்க இருக்கு. உங்க சொத்து மேல உங்க விதையைப் போடறதை யாரு தடுக்கிறது?

— ...பெலிசித்தா.

— என்ன?

— நீ உபதேசியா இருந்திருக்கணும்.

— எனக்கு வேலை இருக்கு.

— ஆனா அந்தக் கதிர்க்கட்டு போயிட்டா நம்ம கீழ்க்காட்டுக்கு?

— கடலை போட்டுக்கலாம். கம்பங்கஞ்சி இல்லாம ஒரு வருசம் போனா நீங்க இளைச்சுடமாட்டீங்க. கொஞ்சம் இளைச்சாலும் நல்லதுதான்.

— இன்னொண்ணு. இது பொய் இல்லையே? நான் நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லித்தரணும்.

— அவளும் பொய்னு தெரிஞ்சு, நீங்களும் பொய்னு தெரிஞ்சு, ரெண்டு பேரும் சிரிச்சா அது எப்படிப் பொய்யாகும்? எழுந்திருங்க. கொத்தை எடுங்க. உரக்கப் பேசணும், தெரியுதா? பூசையில வாசிக்கிற குரல் வேணும்.

*

— யாரது என் காட்டுக்குள்ள?

— உன் காடா? எதும்மா உன் காடு? பெலிசித்தா, இந்த அம்மா யாரு?

— தெரியலைங்க. நம்ம எருவுக்குக் காவல் இருக்கிற அடிமை போல இருக்கு.

— உபதேசியாரே, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? உன் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வந்து கொத்தறே!

— குறுக்கே பேசாதே, நாய்த்தலைக்காரியே. ஊரறியச் சொல்றேன், கேட்டுக்கோ! நேத்து என் பதினொரு ஆடு இந்த இடத்துல எரு போட்டிருக்கு. நல்ல எரு. உபதேசி வீட்டு எரு. ஆட்டை வளர்க்கிறவனுக்கே எரு சொந்தம், இது முறை. நீ என் ஆட்டைப் பிடிச்சுப் பட்டியில வெச்சே, சரி. என் எருவை எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கே?

— அட, எடுத்துக்கிட்டுப் போயேன்! யாரு வேணாம்னா?

— எடுக்க முடியாதபடி மண்ணுல கலந்து வெச்சிருக்கே. தந்திரம்! ஃப்ராஃப்ரா தந்திரம்! அதனால நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். என் எரு கிடக்கிற இடத்துல என் விதையைப் போடப்போறேன்.

— என்னது?

— போட்டுட்டேன், ஏற்கெனவே ரெண்டு வரிசை.

— ...

— என்ன, பேச்சைக் காணோம்?

— வாயில ஈ பூந்துடுச்சு.

— கண்ணுலயும் பூந்துடுச்சு போல.

— பெலிசித்தா, இது உன் மூளை. இந்த ஆளுக்கு இவ்வளவு வராது.

— எனக்கு என்ன தெரியும், அம்மா? நான் வீட்டுக்காரர் சொன்னபடி கேட்கிறவ.

— பொய்க்காரி. சரி, உபதேசியாரே, விளைஞ்சா?

— விளைஞ்சா என்ன?

— யாரு அறுக்கிறது?

— நான் உபதேசி. எனக்கு ஏது நேரம்? என் அடிமை நீ எதுக்கு இருக்கே? களை எடுக்கணும். குருவி விரட்டணும். நீதான் அறுக்கணும்.

— அறுத்து உன் வீட்டுல கொண்டுவந்து கொட்டணுமா?

— யாருக்கு வேணும் அந்தக் கம்பு? நாத்தம் பிடிச்ச ஃப்ராஃப்ரா மண்ணுல விளைஞ்சது. நீயும் உன் பொண்ணும் தின்னு தொலைங்க. அது காவல் கூலி.

— கூலி கம்மி.

— பெலிசித்தா, இவ பேராசையைப் பாரு!

— ஒரு வருசக் காவலுக்கு ஒரு காட்டுக் கம்பா? மேல ஏதாவது போட்டுக் கொடு. அந்தக் கினிக்கோழி எங்கே?

— காலையில கொடுத்தப்ப வேணாம்னே!

— காலையில மன்னிப்பா கொடுத்தே. இப்ப நான் கொள்ளையா கேட்கிறேன். ரெண்டும் ஒண்ணா?

— அதைப் பெலிசித்தா குழம்பு வெச்சுட்டா.

— அட பாவி! நாய்த்தலை தின்ன வம்சம்தானே, கோழி உயிரோட இருந்தா கை அரிக்கும் உங்களுக்கு.

— ஒரு சட்டி உனக்கும் எடுத்து வெச்சிருக்கேன், அயிம்போக்கா. வேலியோரம் இருக்கு. திருடிக்கோ.

— அது திருடலாம். அது நியாயம். ஏய், ஏய், உபதேசியாரே, குழிக்கு எத்தனை மணி போடறே?

— ஒரு கை.

— ஒரு கையா! எறும்புக்கு விருந்து வைக்கிறியா? இப்படிக் கொடு குடுவையை. நாலு. ஆழமா வேணாம். கால் பெருவிரலால மண்ணைத் தள்ளு. இல்ல, அப்படியில்ல. யானை மிதிச்ச மாதிரி மிதிக்கிறான் பாரு. லமிசி! வா இங்க. உபதேசியாருக்கு விதைக்கச் சொல்லிக்கொடு.

— நான் விதைச்சே நாப்பது வருசம் ஆச்சு.

— நாப்பது வருசமா எறும்புதான் கொழுத்திருக்கு. குனி. பெலிசித்தா, நீ அந்தக் கோடியிலேர்ந்து வா. மேகம் இறங்குறதுக்குள்ள முடிக்கணும்.

— தொட்டுடும் போல இருக்கு. காத்துல மண்வாசனை வருது.

— பேசாம போடு.

— ஒரு செபம் சொல்லிடட்டுமா? விதைக்கிறப்ப சொல்றது வழக்கம்.

— சின்னதா சொல்லு. உன் செபம் நீளம்னு ஊர்ல பேச்சு.

— ஆண்டவரே, இந்தச் சின்ன மணிகளைப் பாரும். ஆமென்.

— அவ்வளவுதானா?

— நீதானே சின்னதா சொல்லச் சொன்னே.

— இது நல்லா இருந்துச்சு. ...முடிஞ்சுதா அங்க? இந்தக் கரையான் புத்துக்கிட்ட ரெண்டு பயிர் நிக்குது, மிதிச்சுடாதே. போதும், போதும், தூறல் விழுது. ஓடுங்க ரெண்டு பேரும். லமிசி, நீயும் இவங்க கூட ஓடு. அந்தச் சட்டியை மழையில விடாதே.

— ஆடு?

— நானே ஓட்டிக்கிட்டு வர்றேன். கொஞ்சம் மழை விடட்டும். போ, நாய்த்தலை. நனைஞ்சா உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா.

— அயிம்போக்கா...

— என்ன?

— ஒண்ணுமில்ல. உங்க பாட்டன்தான் தின்னான்.

— உங்க பாட்டன்!

*

— ம்மே.

— சும்மா இரு, கோணக்காதி. அவங்க போயிட்டாங்க. இந்தக் கூரைக்குள்ள வா, நனையாதே. மத்ததெல்லாம் எப்படி ஒண்டிக்கிட்டு நிக்குது பாரு. உனக்கு மட்டும் எப்பவும் வெளியில நிக்கணும்.

— ம்மே.

— சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடையே வலிக்குது. நேத்துலேர்ந்து சிரிக்கிறேன். கொஞ்ச நேரம் சிரிக்காம உட்கார்ந்துக்கறேன், பொறுத்துக்கோ. நீ யார்கிட்டயும் சொல்லமாட்டேதானே?

— ம்மே.

— நாலு வருசம் ஆச்சு, ஞாபகம் இருக்கா? என் வீட்டுக்காரர் செத்த வருசம். எனக்குன்னு இருந்த ஒரே வெள்ளாட்டை உபதேசியார்கிட்ட வாரத்துக்கு விட்டிருந்தேன். முதல் ஈத்து எனக்குன்னு பேச்சு. லமிசி காய்ச்சல்ல கிடந்தா. கண்ணே திறக்கல. ஒருநாள் காலையில அவர் பால் மறந்த குட்டி ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. “உன் ஆடு ஈன்னது, இந்தா உன் பங்கு, சீக்கிரம் எடுத்துக்கோ, என் தீவனத்தைத் தின்னே தீர்க்குது”ன்னு திட்டிட்டுப் போனாரு. அதை ஜிராபா சந்தையில வித்துத்தான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனேன்.

— ...

— என் ஆடு கறுப்பு. கிடாயும் கறுப்பு. குட்டி மட்டும் உன்னைப் போலச் செவலை. காது உன்னைப் போலக் கோணல். நான் குருடியா? என் ஆடு செத்த குட்டி போட்டுச்சுன்னு அப்புறம் கிணத்தடியில யாரோ வாய் தவறிச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். குட்டியைக் காணோம்னு நீ ரெண்டு நாள் கத்தினே. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நானும் கேட்டேன்.

— ம்மே.

— ஆமாம், உன்னுதுதான், அவரோட சொந்த ஆட்டுக் குட்டி. உன்கிட்டயும் எனக்குக் கடன் உண்டு. ஆனா அவர்கிட்ட எப்படிக் கொடுக்கிறது? கேலிமுறையில நன்றி சொல்ல முடியாது. கொண்டுபோய்க் கொடுத்தா வாங்கமாட்டாரு. தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுசனுக்கு முகம் சுருங்கிடும். நாலு வருசம் வழி பார்த்தேன். கிடைச்சா விட முடியுமா? லமிசிக்கு ரெண்டு மாசம் கஞ்சி குறையும்னு நினைச்சேன். குறையட்டும். பிள்ளையே இல்லாம போயிருந்தா கஞ்சி யாருக்கு?

— ம்மே.

— அதுக்குள்ள பாரு, விதையையும் கொண்டுவந்து போட்டுட்டுப் போயிட்டாங்க புருசனும் பொண்டாட்டியும். ஒண்ணை அடைச்சா இன்னொண்ணை ஏத்தி வைக்கிறாங்க. இந்தத் தகாபாக்காரங்களோட எப்படிப் பிழைக்கிறது, சொல்லு?

— ம்மே.

— மழை விட்டுடுச்சு. எழுந்திரு, போகலாம். அவர்கிட்ட வாயைத் திறக்காதே, ஆண்டவர் திருப்பி விட்டாருன்னே நினைச்சுக்கட்டும். நேத்து நீங்க பதினொண்ணும் தக்கூரா வேலியைக் கடிச்சுக்கிட்டு நின்னீங்க. பாதையில அவன் முரசுச் சத்தம் கிட்ட வந்துடுச்சு. ஊர்லேயே அவர் ஆடு மேஞ்சா குத்தமில்லாதது கேலிமுறைக்காரி காடு ஒண்ணுதான். அதான் ஓடிவந்து என் படலைத் திறந்து, உங்க எல்லாரையும் நானே உள்ள ஓட்டினேன்.